அன்றில் வரும் ஆறாம் பாடல்

ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறும். கயிலையைக் காண வேண்டும் என்று புறப்பட்டு, நடந்து கால் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் இயலாமல் உருண்டு சென்ற திருநாவுக்கரசரை இறைவன் ஒரு முனிவராக வந்து தடுத்து, அருகிலிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு பணித்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். அந்த நிகழ்ச்சியின் நினைவாகத்தான் இந்த விழா. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த என் மனைவி, உடல் இடம் கொடுத்த வரையில், இந்த நாளில் ஐயாறப்பர் சன்னதிக்கு வராமல் இருந்ததில்லை. அவள் மறைந்த பிறகு வந்த ஆடி அமாவாசைக்கு மகளும் பேத்தியும் துணையாக நான் போய்வந்தேன்.

தஞ்சாவூரிலிருந்து வடக்கே செல்லும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்து ஊருக்குள் நுழைகிறது. மாணவியரை இந்தக் கோயிலுக்கு அழைத்துவரும்போதெல்லாம், ஒவ்வொரு பாலம் வருவதற்கு முன்பும் அந்த ஆற்றின் பெயரை ஒருத்தி எழுந்து சொல்ல வேண்டும் என்பது அவள் வைத்திருந்த வழக்கம். தவறாகச் சொன்னவளை அவள் கடிந்துகொள்ள மாட்டாள். திரும்பும்போது முதலில் சொல்லும் வாய்ப்பு அவளுக்கே என்று அறிவித்துவிடுவாள். ஊர் திரும்புவதற்குள் அந்தப் பெண் ஐந்தையும் தலைகீழாகச் சொல்லக் கற்றிருப்பாள். எங்கள் மகள் ஆறுகளைக் கற்றதும் இப்படித்தான். இந்த முறை பேருந்தில் அவள் தன் பெண்ணுக்கு அதே பாடத்தை நடத்திக்கொண்டு வந்தாள். வெண்ணாற்றையும் வெட்டாற்றையும் பேத்தி மாற்றிச் சொன்னாள்.

புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். காவிரியில் தண்ணீர் நிறையவே போய்க்கொண்டிருந்தது. எள்ளும் தண்ணீரும் இறைத்து முன்னோரை நினைத்துவிட்டுக் கரையேறியபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பேச்சுக் கொடுத்து, நான் வந்த காரணத்தைக் கேட்டறிந்தார். "மஞ்சள் குங்குமத்தோடு போயிருக்கா. புண்ணியவதி. வருத்தப்படாதீங்க" என்றார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேராவது இதையே சொல்லியிருப்பார்கள். நல்ல மனத்தோடு சொல்லப்படும் சொல் என்பதால் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் கணவனுக்கு முன்னால் போவதுதான் ஒரு பெண் செய்த புண்ணியம் என்றால், அவள் கற்பித்ததும் வளர்த்ததும் எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

தெற்கு வாயிலில் ஆட்கொண்டார் சன்னதி. அங்கே புகையும் குங்கிலியத்தின் மணம் உடையில் ஏறி, வீடு திரும்பிய பின்னும் நெடுநேரம் நிற்கும். மூலவர் மண்ணால் ஆன திருமேனி என்பதால் அபிஷேகமெல்லாம் ஆவுடையாருக்கு மட்டுமே. இலிங்கத் திருமேனிக்குப் புனுகு சாத்துகிறார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளியதால் ஐயாறப்பரை நின்று பார்க்க முடியவில்லை. அறம் வளர்த்த நாயகி சன்னதியில் ஓரளவு அமைதி இருந்தது.

இரு நாழி நெல்லைக் கொண்டு அம்பிகை 32 அறங்களையும் வளர்த்தாள் என்பது மரபு. என் மனைவி இந்தச் சன்னதியில் மட்டும் அதிக நேரம் நிற்பாள். குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் இந்த அம்மனின் கணக்கு புரியும் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் வீட்டு வரவு செலவு முழுவதையும் அவள்தான் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளின் படிப்பு, என் பெற்றோரின் மருந்து, வீட்டுக் கடன் இவற்றுக்கிடையே ஏதாவதொரு மாணவியின் தேர்வுக் கட்டணமோ விடுதிக் கட்டணமோ அவள் சம்பளத்திலிருந்து போயிருக்கும். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்த முனைந்த வீடுகளுக்கு விடுமுறை நாளில் நேரில் போய்ப் பேசுவாள். அப்பாக்களிடம் வாதாடிப் பயனில்லை, பாட்டிகளிடம் பேச வேண்டும் என்பது அவள் அனுபவம். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். "அம்மா எங்களுக்கு மட்டும் அம்மாவா இருந்ததே இல்லை" என்று என் மகன் சிறுவயதில் குறைபட்டுக்கொண்டது உண்டு. அதை அவள் மறுக்கவில்லை. அன்றிலிருந்து இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தை அவனுக்கும் அவன் தங்கைக்கும் என்று ஒதுக்கினாள். அந்த நேரத்தில் விடைத்தாள் கட்டைத் தொடக்கூட மாட்டாள்.

அவள் வகுப்பில் பாடத்திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடத்திய பாடல்களில் ஒன்று, கயிலைக் காட்சியைக் கண்ட அப்பர் இங்கே பாடிய "மாதர்ப் பிறைக்கண்ணி யானை" என்று தொடங்கும் நான்காம் திருமுறைப் பதிகம். கயிலைக்குப் போய்க் காண நினைத்ததை அப்பர் இந்த ஊரிலேயே கண்டார்; கண்டது என்ன என்று பார்த்தால், பாடல்தோறும் ஓர் இணை வருகிறது. பிடியோடு களிறு, பெடையோடு கோழி, பேடையோடு குயில், மயில், மான், நாரை, கிளி, இறுதியில் பசுவைத் தழுவிவரும் காளை. மணம் செய்துகொள்ளாமல் உழவாரப் படையோடு ஊர் ஊராகத் திரிந்த முதியவர், சிவனும் சக்தியுமாக இறைவனைக் கண்டது உலகத்து உயிர்கள் ஜோடி ஜோடியாக நடந்துவரும் காட்சியில் என்பதுதான் அவளை வியப்பில் ஆழ்த்திய செய்தி. திருமணமான புதிதில் இதை என்னிடம் விளக்கியபோது, அலுவலகக் கோப்புகளைத் தவிர வேறெதையும் படித்திராத நான் தலையை மட்டும் ஆட்டினேன். தமிழின்மீது எனக்கு உண்டான பற்றெல்லாம் அவளிடம் கற்றதுதான். அந்த வகையில் நானும் அவளுடைய மாணவன்.

ஆறாம் பாடலில் அன்றில் வருகிறது. துணையைப் பிரிந்தால் உயிர் தரியாது என்று பழம்பாடல்கள் பேசும் பறவை. ஒருமுறை வகுப்பில் ஒரு பெண், "ஒண்ணு செத்துப்போனா இன்னொண்ணும் செத்துடுமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். சில மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பெண் தந்தையை இழந்திருந்தாள். வீட்டில் தாய் உண்ணாமல் உறங்காமல் கிடந்தாள். என் மனைவி அன்றிலைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, அப்பரின் தமக்கை திலகவதியாரின் கதையைத் தொடங்கினாள்.

தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியார் அவரோடு உயிர்நீத்தார். திலகவதியாரை மணக்க இருந்த கலிப்பகையார் போரில் பட்ட செய்தியும் வந்தது. பெற்றோர் அவருக்கென்று உறுதி செய்தமையால் தாம் அவருக்கே உரியவர் என்று எண்ணி உயிரை விடத் துணிந்த தமக்கையின் காலில் விழுந்து, நீங்களும் போனால் உங்களுக்கு முன்னே நான் போவேன் என்று அழுதார் தம்பி. அதனால் திலகவதியார் உயிரோடு இருந்தார். "தம்பியார் உளராக வேண்டும்" என்று வைத்த தயவினால், பொன்தாலி அணியாமல் "அனைத்துயிர்க்கும் அருள்தாங்கி" அவர் இருந்தார் என்பது சேக்கிழார் வாக்கு. தாயாக நின்று தம்பியை வளர்த்தவரும், சமண சமயம் சார்ந்து விலகிப்போயிருந்தவர் சூலை நோயோடு திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றவரும் அவரே. நாவுக்கரசருக்கு முதல் ஆசிரியர் யார் என்று கேட்டால் திலகவதியார் என்று எழுதுங்கள், தேர்வில் மதிப்பெண் கிடைக்காவிட்டால் நான் தருகிறேன் என்று அவள் சொல்வாளாம். இதையெல்லாம் என்னிடம் சொன்னவள் அந்தப் பெண்ணேதான். இப்போது அவளும் ஓர் ஆசிரியை. துக்கம் கேட்க வந்திருந்தபோது, அன்று மாலை தன் தாயிடமும் இந்தக் கதையைச் சொன்னதாகக் கூறினாள்.

மாலையில் பிராகாரத்தின் தென்மேற்குப் பக்கம் போனோம். அங்கே நின்று உரக்க அழைத்தால் எதிரொலி திரும்பத் திரும்பக் கேட்கும் என்பதால் குழந்தைகள் "ஐயாறா, ஐயாறா" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். பேத்தி அங்கிருந்து நகர மறுத்துவிட்டாள். கடைத்தெருவில் அசோகா வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. இந்த ஊர் அசோகாவுக்கு ஈடாக வேறெங்கும் நான் உண்டதில்லை. நெய் சற்று அதிகம் என்று என் மனைவி சொல்வாள், சொல்லிக்கொண்டே இரண்டாவது பொட்டலத்தையும் பிரிப்பாள்.

இரவு, கயிலைக் காட்சிக்கு முன்பாக அடியார்கள் பதிகத்தைச் சேர்ந்து பாடினார்கள். முதல் பாடலிலேயே மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆறாம் பாடலை எதிர்பார்த்து அமர்ந்திருந்தேன். அது வந்தது, போயிற்று. ஏழாம் பாடலின் ஏனமும் எட்டாம் பாடலின் மானும் வந்தன. அந்தப் பாடல் என்னை உடைத்துவிடும் என்று நான் அஞ்சியிருந்தது உண்மை. ஆனால் அப்போது நினைவில் நின்றவர் திலகவதியார்தான். அவள் அப்படித்தான் நடத்தியிருந்தாள். தீபாராதனையின்போது ஐயாறப்பரையும் அறம் வளர்த்த நாயகியையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்கென்று எதையும் வேண்டத் தோன்றவில்லை; திண்ணையில் படித்த பெண்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பின் பேத்திக்குப் பதிகம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பாட்டி ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதிய தேவாரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நடத்துகிறேன். இதுவரை நான்கு பாடல்கள் ஆகியிருக்கின்றன. நான் தவறாகப் பதம் பிரிக்கும்போது, பாட்டி இப்படிச் சொல்லமாட்டார் என்று அவள் திருத்துகிறாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அவள் சொல்வதே சரியாக இருக்கிறது.