அம்மாவோட சுகர் ரிப்போர்ட் வெளிய போன கதை: நாங்க என்னென்ன பண்ணோம்

போன டிசம்பர்ல அம்மாவுக்கு வேளச்சேரில ஒரு லேப்ல ஃபாஸ்டிங் சுகரும், மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ஹெச்பிஏ1சியும் எடுத்தோம். சாயங்காலமே வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்துருச்சு. மறுநாள் காலைல அம்மா நம்பருக்கு ஒரு கால், "மேடம் உங்களுக்கு மூணு மாச சுகர் ஒன்பதைத் தாண்டிருக்கு, எங்க பவுடர் சாப்பிட்டா கொறைஞ்சிடும்"னு. அம்மா ஆடிப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்காகிட்ட கூட சொல்லாத விஷயம், முன்பின் தெரியாத ஒருத்தன் நம்பரோட சொல்றான்.

அன்னிக்கே லேபுக்குப் போனேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ஃபார்மை எடுத்துக் காட்டுச்சு, "அம்மா கையெழுத்து போட்டிருக்காங்களே சார்". பாத்தா கீழ பொடி எழுத்துல இங்கிலீஷ்ல அஞ்சாறு வரி, கடைசி வரில எங்க பார்ட்னர் கம்பெனிகளோட தகவலைப் பகிர்ந்துக்குவோம்னு இருக்கு, அதுக்குக் கீழ அம்மா தமிழ்ல போட்ட கையெழுத்து. அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, தினமும் பேப்பரை முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரை படிப்பாங்க, ஆனா இங்கிலீஷ் தெரியாது. தெரியாத பாஷைல எழுதின ஒண்ணுக்கு வாங்குன கையெழுத்தை சம்மதம்னு எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு அந்த இடத்துல தான் கோவம் வந்துச்சு, இப்பவும் அடங்கல.

ஹைகோர்ட்ல ப்ராக்டிஸ் பண்ற ஒரு ஃப்ரெண்டைக் கேட்டேன். அவன் சொன்னது இது. 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்ல 9 ஜட்ஜ் பெஞ்ச் புட்டசாமி வழக்குல தனியுரிமை அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொல்லிருச்சு, ஆனா அதுக்குன்னு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு தனிச் சட்டம் வர 2023 ஆகிருச்சு, அதோட ரூல்ஸ் வர 2025 நவம்பர் ஆகிருச்சு. அதுலயும் நமக்கு வேண்டிய முக்கியமான செக்ஷன் எல்லாம் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம் தான் அமலுக்கு வருது. அதுவரைக்கும் ஐடி ஆக்ட்ல (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) இருக்குற, தகவலை அஜாக்கிரதையா வச்சிருந்தா நஷ்டஈடு கேக்க வழி குடுக்குற 43ஏ செக்ஷனும், அதுக்கான 2011 ரூல்ஸும் தான் கைல இருக்கு. அந்த ரூல்ஸ்படி மெடிக்கல் ரெக்கார்டு சென்சிட்டிவ் டேட்டா, அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், குடுத்த சம்மதத்தை நாம எழுதிக் குடுத்துத் திரும்ப வாங்கிக்கலாம், கம்பெனி ஒரு குறைதீர் அதிகாரி வைக்கணும், அவர் ஒரு மாசத்துக்குள்ள குறையைத் தீர்க்கணும். இதெல்லாம் 2011லேர்ந்தே இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

லேப் வெப்சைட்ல தேடு தேடுன்னு தேடி அந்த அதிகாரியோட மெயில் ஐடியைக் கண்டுபிடிச்சேன். அம்மா பேர்லயே தமிழ்ல லெட்டர் எழுதி, மெயிலும் போட்டு ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி ஆனதுக்கான ஆதாரம் கேட்டு அனுப்புனோம், ஏன்னா மெயில் வரலன்னு சொல்லிட்டா நம்மகிட்ட கைல ஒண்ணும் இருக்காது. மூணே கேள்வி தான். எங்க தகவல் உங்ககிட்ட என்னென்ன இருக்கு, யார் யாருக்குக் குடுத்தீங்க, மார்க்கெட்டிங்குக்காக வச்சிருக்குறதை எப்போ அழிக்கப் போறீங்க. சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு முதல் வரிலயே எழுதிட்டோம்.

கால் பண்ணவங்க விஷயம் தனி ரூட். அம்மா நம்பரை 1909ல டிஎன்டி (விளம்பரக் கால் வேணாம்னு பதிவு) போட்டோம், அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு காலுக்கும் நம்பர், தேதி, என்ன பேசுனாங்கன்னு டெலிகாம் கம்பெனிகளைக் கண்காணிக்குற டிராயோட டிஎன்டி ஆப்ல கம்ப்ளெயின்ட். கால் வந்த 7 நாளுக்குள்ள போட்டுறணும், அதனால அம்மா காலண்டர்லயே குறிச்சு வைக்க ஆரம்பிச்சாங்க.

இருபத்தாறாவது நாள் பதில் வந்துச்சு. மார்க்கெட்டிங் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்களாம், டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் ரெக்கார்டுக்காக வச்சிருப்பாங்களாம். அது நியாயம் தான், அடுத்த தடவை டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்டா வேணுமே. ஆனா யாருக்குக் குடுத்தீங்கன்ற ரெண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தை கூட இல்ல. திரும்ப எழுதிருக்கேன்.

நஷ்டஈடு கேக்கணும்னா மாநில ஐடி செயலாளர் தான் அதை விசாரிச்சு முடிவு சொல்ற அட்ஜுடிகேட்டிங் ஆபீசர், அவர்கிட்ட மனு போடலாம்னு ஃப்ரெண்ட் சொன்னான். அம்மா வேணாம்னுட்டாங்க, விஷயம் இன்னும் நாலு பேருக்குத் தெரியும்னு. ஆனா இந்த வழி ரொம்ப நாள் இருக்காதுங்குறது பல பேருக்குத் தெரியல. புதுச் சட்டம் முழுசா அமலுக்கு வர்றப்போ 43ஏ போயிடும். தகவலைப் பாதுகாக்காத கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம் போடலாம், ஆனா அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு குடுக்க இந்தச் சட்டத்துல வழியே வைக்கல. குறை சொன்னா அதைத் தீர்க்க கம்பெனிக்கு 90 நாள் வரைக்கும் டைம், அப்பவும் தீரலன்னா தான் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போக முடியும். இது எனக்கு சரியாப் படல, அம்மா மாதிரி ஆளுங்களுக்கு இதுல என்ன கெடைக்குது?

ஒரு நல்லது இருக்கு. சம்மதம் கேக்குற நோட்டீஸை இங்கிலீஷ்லயோ அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணைல இருக்குற 22 பாஷைல எதுலயாவதோ படிச்சுக்குற வசதி குடுத்தே ஆகணும். தமிழ் அதுல இருக்கு. ஏற்கனவே வாங்குன சம்மதத்துக்கும் சட்டம் அமலானதும் நோட்டீஸ் அனுப்பணும். சம்மதம் குடுக்குறது எவ்ளோ சுலபமோ திரும்ப வாங்குறதும் அவ்ளோ சுலபமா இருக்கணும்னும் எழுதிருக்கு. எனக்கு இந்தச் சட்டத்துலயே பெரிய விஷயம் இது தான், 2027 வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே ஒரு பக்கம் தமிழ்ல அடிக்குறதுக்கு என்ன செலவு ஆகப் போகுது.

மார்ச்ல அடுத்த டெஸ்டுக்கு வேற லேபுக்குப் போனோம். அங்கயும் ஃபார்ம் இங்கிலீஷ்ல தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "இதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சு சொல்லும்மா"ன்னு ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்டாங்க. பின்னாடி க்யூ நின்னுச்சு, இருந்தாலும் அந்தப் பொண்ணு பொறுமையா ஒவ்வொரு வரியா சொல்லுச்சு. பார்ட்னர்னு வந்த வரியை அம்மா பேனாவால அடிச்சு, பக்கத்துல தேதி போட்டு, அப்புறம் தான் கீழ கையெழுத்து போட்டாங்க. மேனேஜர் வந்து பாத்தாரு, சரிங்கம்மான்னு வாங்கிக்கிட்டாரு, அந்த ஃபார்மை நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பழைய ஃபார்ம்ல போன நம்பருக்கு இன்னும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு கால் வருது, ஒவ்வொண்ணையும் கம்ப்ளெயின்ட் போட்டுட்டு தான் இருக்கோம்.