அழுதால் காது அடைத்துக்கொள்ளும்

சித்தியின் சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். நெஞ்சுரம் உள்ளவள், எதற்கும் கலங்காதவள், அந்தக் காலத்திலேயே தனி ஆளாக நின்று மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். பொய்யில்லைதான். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர்கள் சொல்வதைப் பார்த்தால் சித்தி பிறக்கும்போதே அப்படிப் பிறந்துவிட்டாள் என்று தோன்றும். வெளியூர் போன்களை இணைத்துக்கொடுக்கும் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதினைந்து வருஷத்துக்கு மேல் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அந்தக் கலங்காமையை அவள் எங்கே கற்றாள், எப்படிப் பழகினாள், அதற்கு என்ன விலை கொடுத்தாள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

சித்தப்பா அஞ்சல் தந்தித் துறையில் லைன்மேன். ஐப்பசி மழையில் அறுந்து கிடந்த டெலிபோன் கம்பியை இழுத்துக் கட்டப் போனவர். அந்தக் கம்பி எங்கேயோ மின்சாரக் கம்பியோடு உரசிக் கிடந்திருக்கிறது. சித்திக்கு அப்போது 24 வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்ததால் கருணை அடிப்படையில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. மாமனார் வீட்டில் பெரிய ரகளை. ராத்திரி டூட்டிக்குப் போகிற பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார்கள். "பகல்ல பட்டினி கெடந்தா மட்டும் ஊரு என்ன சொல்லிரப் போவுது?" என்றாளாம். பயிற்சிக்கு வெளியூர் போகவேண்டி இருந்தது. கைக்குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்த பிறகும் ஒரே நாளில் இரண்டு தவணையாகப் போகிற ஸ்பிளிட் டூட்டி, நைட் டூட்டி என்று மாறி மாறி வந்ததால் அவன் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். என் அம்மாவை 'அம்மா' என்றான். பெற்றவளை, நான் கூப்பிடுவதைப் பார்த்து, 'சித்தி' என்றே கூப்பிடப் பழகினான். கடைசிவரை அப்படித்தான். சித்தி ஒருநாளும் திருத்தவில்லை. விலை என்று சொன்னேனே, அதில் பெரிய பங்கு இது.

அவளைப் போராளியாக்கிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1968 செப்டம்பர் 19, மத்திய அரசு ஊழியர்களின் ஒருநாள் வேலைநிறுத்தம். அஞ்சல் தந்தி ஊழியர்களும் பெருவாரியாகக் கலந்துகொண்டார்கள். பலருக்கு வேலை போனது, ஜெயிலுக்கும் போனார்கள். சித்தி அன்று வேலைக்குப் போனாள். இன்னும் நிரந்தரமாகாத வேலை, வீட்டில் மூன்று வாய். வேலை இழந்த ஒருவர் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி அனுப்பினாள் என்பது அவள் சொல்லி எனக்குத் தெரியாது, அந்த வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். சங்கத்துக்கு அப்புறம் ஒழுங்காகச் சந்தா கட்டினாள். கோஷம் மட்டும் போடமாட்டாள். தொண்டை கெட்டுவிடுமாம்.

நான் 1981இல் சேர்ந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலையைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சந்தாதாரர் 180க்குப் போட்டு டிரங்க் கால் புக் செய்வார். எந்த நம்பர், எந்த ஊர், ஆர்டினரியா அர்ஜண்டா, குறிப்பிட்ட ஆளோடு மட்டும் பேசவேண்டிய பி.பி. காலா என்று ஒரு டிக்கெட்டில் எழுதுவோம். அர்ஜண்டுக்கு இரட்டைக் கட்டணம். லைட்னிங் என்று ஒன்று உண்டு, எட்டு மடங்கு. அதைக் கேட்கிறவர் ஒன்று பெரிய பணக்காரராக இருப்பார், இல்லையென்றால் வீட்டில் பெரிய இழப்பாக இருக்கும். டிக்கெட் போர்டுக்கு வரும். எதிரே வரிசை வரிசையாக ஜாக்குகள் என்கிற பிளக் துளைகள், சின்னச் சின்ன விளக்குகள், மேஜையில் ஜோடி ஜோடியாகக் கார்டுகள் என்கிற பிளக் வயர்கள். சர்க்யூட் என்றால் ஊருக்கு ஊர் போகும் லைன். மெட்ராஸ் சர்க்யூட் காலியாகக் காத்திருந்து, கிடைத்ததும் பிளக்கைச் செருகி, அந்தப் பக்கத்து ஆபரேட்டரிடம் நம்பர் சொல்லி, மணி அடித்து, ஆள் எடுத்ததும் "பேசுங்க" என்று விட்டுவிட்டு நேரம் குறிப்போம். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே போய், "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா?" என்று கேட்கவேண்டும். ஊர்ப்பெயர் சரியாகக் கேட்காவிட்டால் எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே என்று கத்தவேண்டும். சர்க்யூட்டுகள் கொஞ்சம்தான், ஆர்டினரி கால் புக் செய்தவர் அரைநாள் உட்கார்ந்திருப்பார். கோபமெல்லாம் எங்கள் காதில்தான் விழும்.

லைன் சரியாக விழுந்ததா என்று பார்க்க ஆபரேட்டர் ஒரு கணம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதற்கு மேல் கேட்கக்கூடாது. அதனால் எங்களுக்கு எல்லார் வீட்டுக் கதையிலும் முதல் வாக்கியம் மட்டும் தெரியும். "பையன் பொறந்திருக்கான்." "சரக்கு இன்னும் வரல." "அப்பா போயிட்டாரு." அதோடு போர்டில் இருக்கும் சுவிட்சைத் தட்டி லைனை விட்டு வெளியே வந்துவிடுவோம். மீதிக் கதை கிடையாது.

சேர்ந்த புதிதில் எனக்கு வந்த ஒரு லைட்னிங் காலில் சங்கரன்கோவில் பக்கத்துக் குரல் ஒன்று, "தங்கச்சி கெணத்துல..." என்று தொடங்கியது. எனக்குத் தொண்டை அடைத்து, கண் நிறைந்து, முன்னால் இருந்த விளக்குகளெல்லாம் கலங்கித் தெரிந்தன. சித்தி ஒன்றும் பேசாமல் கையை நீட்டி என் போர்டிலிருந்த இரண்டு கார்டுகளையும் தானே கவனித்துக்கொண்டாள். டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டாள். டிபன் நேரத்தில்தான் சொன்னாள். "டூட்டில அழக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லட்டி. ஆனா அழுதா காது அடைச்சிக்கிடும். அந்தப் பக்கம் என்ன சொல்லுதாங்கன்னு கேக்காது. அவன் வீட்டுல எழவு விழுந்து கெடக்கு, நீ நம்பரத் தப்பாப் போட்டுக் குடுத்தா அவன் எங்கன போவான்?"

நெஞ்சுரம் என்று மற்றவர்கள் சொன்னது இதைத்தான். இது ஒரு வேலை நுணுக்கம். தையற்காரருக்குக் கத்தரி பிடிக்கத் தெரிவதுபோல அவளுக்கு அழுகையைத் தள்ளிவைக்கத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

தள்ளிவைத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாள் என்பதும் எனக்குத் தெரியும். காலை டூட்டி முடிந்த நாட்களில் மாட்டினி ஷோவுக்குப் போவாள். எந்தப் படம் என்றெல்லாம் பார்க்கமாட்டாள், "அழுக படமாட்டி?" என்று மட்டும் கேட்பாள். பெண்கள் பக்கம் உட்கார்ந்து, பெயர் போடும்போதே முந்தானையை எடுத்துவிடுவாள். சிரிப்பு சீனிலும் அழுவாள். ஒருமுறை கூடப் போன எனக்கே கூச்சமாகிவிட்டது. வெளியே வந்ததும் முகத்தைக் கழுவி, கடையில் ஒரு சோடா குடித்து, "இங்கன அழுதா யாரும் என்னத்துக்குன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். சாவு வீட்டில் இதை யாரும் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கேட்ட செய்தியை வெளியே விடாததும் அப்படித்தான். 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டப்படி அது குற்றம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து வாயை மூடுவது வேறு, சித்தி மூடியது வேறு. ஊரில் எந்தக் கடை முழுகப்போகிறது, எந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருவார்கள். சித்தி வாங்கிக்கொண்டு காபி கொடுப்பாள்.

பெரிய நாட்கள் சில உண்டு. இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24. அன்றெல்லாம் பஸ் ஓடாது, அடுத்த ஷிப்ட் வராது, இருந்தவர்களே தொடர்ந்து உட்காரவேண்டும். அதைப்பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எனக்கு மறக்காதது 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம்தான். அம்பாசமுத்திரம் பக்கம் லைன்கள் போய்விட்டன. அந்த நேரத்தில் வெளியூருக்கு நேராக டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்து, மஞ்சள் பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்து, டிரங்க் போர்டு இளைத்துப்போயிருந்தது. ஆனால் நேராக டயல் செய்து விழாதபோது மனிதர்கள் கடைசியில் ஆபரேட்டரிடம்தான் வருவார்கள். பம்பாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தாராவியில் இருக்கிற நம் மாவட்டத்து ஜனங்கள், பூத்தில் வரிசையில் நின்று, எங்கள் குரல் கிடைத்ததும் ஊர்ப்பேரைச் சொல்லி அழுதார்கள். எங்களிடம் கொடுக்க லைன் இல்லை. "தெரியாது" என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே நா வறண்டது. சித்தி மட்டும் ஒவ்வொருவரிடமும், முதல் ஆளிடம் சொன்ன அதே நிதானத்தில், "லைன்தான் அறுந்திருக்கு தம்பி. ஆளுக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சிராதீங்க. கம்பி வேற, ஆளு வேற" என்றாள். விதிப்புத்தகத்தில் இல்லாத வசனம். சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கம்பியில் புருஷனைப் பறிகொடுத்தவள் அதைச் சொல்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

அதன்பிறகு போர்டுக்கு வேலை குறைந்துகொண்டே போனது. எங்களைப் பழுது பதிவு, பில் கவுண்டர் என்று பிரித்துப்போட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய சித்தி கம்ப்யூட்டர் பழகினாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்து, ஒரு விரலால் தட்டி, பழுது சொல்லும் 198 நம்பரில் திட்டுகிறவர்கள் எல்லோரிடமும் "லைன்ல இருங்க" என்றாள். 2000இல் துறை பி.எஸ்.என்.எல். ஆனது, 2002இல் ஓய்வு பெற்றாள். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் நாடு முழுவதும் 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருத்தி. மாலையும் சால்வையுமாக நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எஞ் சோலிய மிஷின் வாங்கிட்டு. உஞ் சோலிய யாருட்டி வாங்குனா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

2023 டிசம்பரில் மறுபடி வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடியில் இருந்த சித்தியின் கடைசி மகன், எங்கள் வீட்டில் வளர்ந்தவன், செல்லில் கிடைக்கவில்லை. கரண்ட் போய், டவர்கள் படுத்து, யார் போட்டாலும் அதே பதிவுக் குரல். நாங்களெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தோம். 81 வயதில் சித்தி ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அவன் தெருவில் யார் யார், அவன் கம்பெனியில் யார், மாடி வீடு உள்ளவர் யார், கோவில்பட்டிப் பக்கம் இருந்து தண்ணீரில் இறங்கிப் போகக்கூடியவர் யார் என்று என்னை ஒவ்வொருவராகக் கூப்பிட வைத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரம் எழுதினாள். 'நோ ரிப்ளை', 'எங்கேஜ்டு', 'திரும்பப் போடணும்'. பழைய டிக்கெட் கையெழுத்து, கொஞ்சம் நடுக்கத்தோடு. மறுநாள் சாயங்காலம் வேறு யாருடைய போனிலிருந்தோ அவன் பேசினான். "சித்தி, நல்லாயிருக்கோம்" என்றான். "சரி, வைச்சிரு, அந்தத் தம்பிக்கு சார்ஜ் தீந்துரும்" என்று வைத்துவிட்டாள். அன்று ராத்திரி டி.வி.யில் ஏதோ பழைய படம் ஓடியது. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நான் அந்த அறைக்குள் போகவில்லை.

அடுத்த சித்திரையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம் என்றார்கள். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். காது அடைக்காமல் சொன்னேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் வந்திருந்தார்கள். எழுபது, எண்பது வயதுப் பெண்கள், ஹெட்செட் மாட்டி மாட்டிப் பலருக்கு ஒரு காது மந்தம். அதனால் ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்தவர்கள் நாகர்கோவிலுக்கு அந்தக் காலத்தில் எத்தனை சர்க்யூட் இருந்தது என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். சண்டை அங்கிருந்து நைட் டூட்டிக்குப் போனது. சித்தி அடுத்தவர் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டு, அதே பாக்ஸில் தன் வீட்டுப் பழைய உப்புமாவை வைத்து மூடிவிட்டு, "கால் டிரான்ஸ்பர் ஆயிட்டு" என்பாளாம். ஒருவர் அதை நடித்தே காட்டினார். திண்ணையே அதிரும்படிச் சிரிப்பு. உள்ளேயிருந்து மூத்த மருமகன் எழுந்து வந்து, காரிய வீடு, கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே என்று பணிவாகச் சொன்னார். நடித்துக் காட்டியவர் நல்ல காதை அவர் பக்கம் திருப்பி, "என்ன மாப்ள, மூணு நிமிஷம் ஆயிட்டா? இன்னொரு மூணு போட்டுக்கிடுங்க" என்றார்.