மோட்டார் வேண்டாம், மணிக்கட்டு போதும்

அண்ணனுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் சி6 என்னும் ஆறாம் நரம்பு மட்டத்தில் அடி. மணிக்கட்டைத் தூக்குவார், விரல்கள் அசையாது. யாரும் ஊட்டாமல் சாப்பிட வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்குள் இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

முதலில் மோட்டார் கையுறை. விரலை இழுக்கத் தூண்டில் நூல், அதைச் சுற்றும் சர்வோ என்ற சின்ன மோட்டார், பேட்டரி. மேசைமேல் அருமையாக மடங்கியது. ஆனால் சுருண்டு கிடக்கும் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக உள்ளே நுழைக்க எனக்கே இருபது நிமிடம் ஆனது. அவரால் ஒருநாளும் தனியாக மாட்ட முடியாது. ஊட்ட ஆள் வேண்டாம் என்று தொடங்கிவிட்டு, மாட்டிவிட ஆள் தேடும்படி ஆயிற்று.

அடுத்து 3டி பிரிண்டர். இ-நேபிள் என்ற தன்னார்வக் குழுவின் இலவசச் செயற்கைக் கை வடிவங்களை இறக்கி நேரத்தைத் தொலைக்காதீர்கள். அவை விரல் இல்லாதவர்களுக்கானவை, விரல் இருந்தும் அசையாத கைக்குச் சேராது. நானே வரைந்த பிடியோ வெந்நீரில் கழுவியதும் கோணிப்போனது. பிரிண்டரில் போட்ட பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். அதைவிட மோசம், அதன் விளிம்பு உள்ளங்கையில் பதித்த சிவப்புத் தடம். அவருக்கு அங்கே உணர்வில்லாததால் வலிக்கவே இல்லை. இரவில்தான் பார்த்தேன், கை நடுங்கிவிட்டது. எதைச் செய்தாலும் முதல் நாள் கால்மணி நேரத்தில் கழற்றித் தோலைப் பாருங்கள். அரைமணி நேரத்தில் சிவப்பு மறையாவிட்டால் மறுபடி மாட்டாதீர்கள்.

கடைசியில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அம்மாவிடம் போனோம், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர். "மணிக்கட்டைத் தூக்குங்க" என்றார். அண்ணன் தூக்கியதும் விரல்கள் தாமாக மடங்கி, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கம் போய் ஒட்டியது. டெனோடெசிஸ் பிடியாம். எத்தனை நாள் கண்ணெதிரே இருந்திருக்கிறது! பிறகு எனக்குத் திட்டு. பயிற்சி என்று மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துப் பின்னால் வளைத்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் விரலை மடக்கும் தசைநாண் தளர்ந்து இருக்கிற பிடியும் போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும்.

காகிதம் மாதிரி லேசான பொருளுக்கு அந்தப் பிடி போதும். கரண்டிக்கு, உள்ளங்கையைச் சுற்றும் ஒரு பட்டை, அதில் காம்பு நுழையும் பை. கரண்டியின் கழுத்தை வாய்ப்பக்கம் வளைத்தேன். வெல்க்ரோ நுனியில் தைத்த பெரிய வளையம்தான் முக்கியம். மறுகைக் கட்டைவிரலை அதில் மாட்டி அவரே இழுத்து இறுக்குகிறார்.

நேற்று கிண்ணம் காலி. பேனாவுக்கு அந்தப் பை தொளதொளவென்று இருக்கிறதாம். இன்னொன்று தைத்துக்கொண்டிருக்கிறேன்.