மாமா நெல் காயப்போடும் இடம்

திருகோணமலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இடத்தின் பெயரை எழுதமாட்டேன், அந்தப் பற்றைக்காட்டில் யானை நிற்கிறது, படமெடுக்க யாரும் தனியாகப் போய்விடக்கூடாது.

மாமா அங்கேதான் நெல் காயப்போடுவார். பழைய றோட்டுத் துண்டு என்பார்கள் ஊரில். றோட்டு என்றால் எங்கேயாவது போய்ச் சேரவேண்டுமே, இது இரண்டு முனையிலும் காட்டில் முட்டி நிற்கிறது. ஆறேழு லொறி பக்கம் பக்கமாக ஓடலாம், அவ்வளவு அகலம். போன மாதம் முழுக்க நடந்தேன், ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வரும், இறுக்கின கிரவல், அதன்மேல் தார் அப்பளம் போல நொறுங்கிக் கிடக்கிறது, வெடிப்பெல்லாம் நாயுண்ணிச் செடி.

போனில் திசை பார்த்ததும் நெஞ்சு படபடத்தது, இது பழைய விமான ஓடுபாதையோ என்று. வடகிழக்கு, தென்மேற்கு. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்றும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றும் வருகிற அதே கோடு! விமானம் காற்றை எதிர்த்து ஓடினால்தான் குறைந்த தூரத்தில் மேலே எழும்பும், அதனால் அந்த ஊரில் எந்தக் காற்று அதிகம் அடிக்குமோ அந்தக் கோட்டில்தான் ஓடுபாதை போடுவார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற சீனக்குடா விமானத்தளத்தின் ஓடுபாதை இலக்கம் 06/24, அதாவது 60 பாகையும் 240 பாகையும், அதுவும் வாடை கச்சான் கோடுதான்.

அப்புறம் அந்த மண்மேடு. ஓரமாகக் காட்டுக்குள் ஆளுயரத்துக்கு 'ப' போல மூன்று பக்கம் மண், நாலாவது பக்கம் பாதையைப் பார்த்துத் திறந்திருக்கிறது. "அது பழைய குளக்கட்டு, மருமகன்" என்றார் மாமா. குளக்கட்டு பள்ளத்தில் அல்லவா இருக்கும், இது மேட்டில் நிற்கிறது, தண்ணீர் திறந்துவிடுகிற துருசும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஒரு சின்ன விமானம் அளவாக உள்ளே நிற்கும். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் சிதறல்களை மண் வாங்கிக்கொள்ளும்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின, அதே நாள் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 'ஜப்பான் குண்டு போட்ட வருஷம் நான் நடக்கிற பிள்ளை' என்றுதான் அம்மம்மா தன் வயதைச் சொல்லுவார். எல்லா விமானத்தையும் ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒரே அடியில் எல்லாம் போய்விடும், அதனால் காட்டுக்குள் சின்னப் பாதைகள் வெட்டி, விமானங்களைத் தள்ளித் தள்ளி ஒளித்து வைக்கிற வழக்கம் அந்த இரண்டாம் உலகப் போரில் இருந்தது. இந்த மண்மேடும் அப்படி விமானம் ஒளித்த இடம் என்றே நினைக்கிறேன். 1957இல் பிரித்தானியர் சீனக்குடாவை விட்டுப் போன பிறகு இது யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

எங்கள் யுத்தக் காலத்தில் ஹெலி இறங்கியது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதற்கு மேல் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது, நானும் தோண்டவில்லை.

இப்போது தென்மேற்கு முனையில் டிப்பர் வந்து கிரவல் அள்ளுகிறது. 'ப'வின் ஒரு கால் பாதி போய்விட்டது, வெட்டின இடம் புதுப் புண் மாதிரிச் சிவந்து கிடக்கிறது, பார்க்க வயிறு எரிகிறது. யாராவது படித்தவர்கள் வந்து அளந்து எழுதிவைத்தால் நல்லது. அதுவரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு 50 மீற்றர் டேப்போடு நானே போகிறேன். மாமாவுக்கு அது இன்னும் குளக்கட்டுத்தான், ஆனால் டேப்பின் மற்ற நுனியைப் பிடிக்க வருகிறாராம்.