கலங்கின ஆறா, தெளிந்த ஆறா?

ஏ.எல். (உயர்தர வகுப்பு) புவியியல் பிள்ளைகளுக்கு ஆறு என்று காட்ட யாழ்ப்பாணத்தில் எங்களிடம் வழுக்கியாறுதான் இருக்கிறது. அதுவும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். அதனால் நான் அமெரிக்காவின் மிசூரி ஆற்றுக்குப் போய்விடுவேன்.

மிசூரி வழியே ஏறிப் பசிபிக் வரை நீர்வழி தேடச் சொல்லி அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் அனுப்ப, பயணத் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும் 1804 மே மாதம் புறப்பட்டார்கள். முழுக்க எதிர்நீரோட்டம். பெரிய படகு 55 அடி நீளம். காற்று வாய்த்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு, கம்பு. அதுவும் சரிவராத இடத்தில் கரையில் நின்று கயிறு கட்டி இழுத்தார்கள். பண்ணைக் கடலில் கம்பு ஊன்றி வள்ளம் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை விளக்கத் தேவையில்லை.

1805 ஜூனில், இன்றைய மொன்டானாவில், எதிரே இரண்டு ஆறுகள். வடக்கே இருந்து வந்தது கலங்கல், தெற்கே இருந்து வந்தது தெளிவு. எது மிசூரி? பிழையான ஆற்றில் ஏறினால் கோடை போய்விடும், மலை தாண்ட முடியாது. இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கேட்பேன். "கலங்கினதுதான் சேர்" என்பார்கள். பயணக் குழுவும் அதையேதான் சொன்னது, மிசூரியில் பழம் தின்று கொட்டை போட்ட படகோட்டி குருசாத் உட்பட. அதுவரை ஏறி வந்த ஆறு கலங்கல்தானே!

தலைவர்கள் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கலங்கல் என்றால் அந்த ஆறு வெகுதூரம் சமவெளி மண்ணில் ஓடி வருகிறது. தெளிந்த ஆற்றின் அடியில் வழவழப்பான உருண்டைக் கற்கள் கிடந்தன, மலையாற்றில் கிடப்பவை. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, மேலே வரும் பெரிய அருவியில் மிசூரி தெளிந்திருக்கும் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹிடாட்சா மக்கள் முன்னமே சொல்லியிருந்ததுதான். அந்த மக்களின் பெயரைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை நடத்துவதில்லை.

ஆட்கள் மனம் மாறவில்லை, ஆனாலும் தெளிந்த ஆற்றில் தலைவர்களோடு கூடவே போனார்கள். ஜூன் 13 அன்று லூயிஸ் அருவியைக் கண்டார். ஒன்றல்ல, ஐந்து. மரத்தைக் குறுக்கே அறுத்துச் சில்லுச் செய்து, நாகதாளி முள் காலில் ஏற ஏற, வள்ளங்களைச் சுமார் 18 மைல் தரையால் இழுத்தார்கள். அதற்கே ஏறத்தாழ ஒரு மாதம்.

ஓகஸ்டில் லெம்ஹைக் கணவாயில் ஏறிப் பார்த்தால் மேற்கே இன்னும் மலைகள். தொடர்ச்சியான நீர்வழி கிடையாது. ஷோஷோனி மக்களிடம் குதிரை வாங்கி மலை கடந்தார்கள். அப்புறம் கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில், நெஸ் பெர்ஸே மக்களின் முறைப்படி நெருப்பு வைத்து மரம் குடைந்து புது வள்ளங்கள் செய்தார்கள். அங்கிருந்துதான் நீரோட்டத்தோடு மேற்கே இறங்க முடிந்தது.