மருந்து மேசையில் ஐந்து நாள்

அரையாண்டு விடுமுறையில் ஏற்காட்டு மலையில் ஐந்து நாள் இலவச மருத்துவ முகாம், மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று நண்பர் கூப்பிட்டார். நான் டி.பார்ம். அம்மாப்பேட்டையில் மெடிக்கல் ஷாப்பில் வேலை. தினமும் செய்கிற வேலைதானே என்று கிளம்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே முதல் பாடம். நன்கொடையாக வந்த மருந்துகளைப் பிரித்துப் பார்த்தால், நிறைய அட்டைகளில் காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தேதி தெரியாத மாத்திரையை யாருக்கும் கொடுக்க முடியாது. ஒரு பெட்டி முழுக்க ஒதுக்கினோம். தானம் செய்கிறவர்கள் தயவுசெய்து வெட்டாத அட்டையாகக் கொடுங்கள்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர் பக்கம் உள்ளே ஒரு ஊர். பள்ளிக்கூடம்தான் முகாம், எங்களுக்குப் படுக்கையும் அதுவே. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.

ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். முதல் நாள் வந்தவர்கள் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். முகாமுக்காக யார் ஒரு நாள் கூலியை விடுவார்கள்? மறுநாளிலிருந்து விடியற்காலை ஆறு முதல் எட்டு, சாயங்காலம் நாலரைக்கு மேல் என்று மாற்றினோம். அப்புறம்தான் கூட்டம் வந்தது. ஆறு மணிக்கு மார்கழிப் பனியில் எனக்கு விரல் மடங்கவில்லை, அது வேறு கதை.

இன்னொரு கூத்து. குளிரில் நடந்து வருகிறார்களே என்று வாசலிலேயே சூடாகக் காப்பி கொடுத்தோம். ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்தவருக்குக் காப்பியும் கொடுத்து, கையோடு பிரஷர் பார்த்தால் என்ன காட்டும்? பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா எழுந்து வந்து ஒரு சத்தம் போட்டார். பிறகு பெஞ்சில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்துப் பார்த்தோம். காப்பி, பார்த்து முடித்த பிறகு.

அதே காப்பி என் மேசைக்கும் வந்தது. ரத்தசோகை என்று எழுதி வந்த பெண்கள் நிறைய. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். காப்பி விளையும் மலையில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று. முதல் நாள் கூச்சத்தில் அதை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு அக்கா மாத்திரையை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "வயிறு கெட்டுப்போச்சு, வேண்டாம்ங்க" என்றார். தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு கூச்சம் பார்க்கவில்லை.

படிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துக் கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து கொடுப்பது வழக்கம். ஒரு பாட்டி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பனியில சூரியன் எங்க கண்ணு தெரியுது?" என்றார். அந்த வரிசையே சிரித்தது. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. 'மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்' என்று நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், அவர் சாப்பிடுவது இரண்டு வேளை. சுகர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்காமல் என்ன எழுதுவது? அதிலிருந்து ஒவ்வொருவரிடமும் எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீர்கள், எப்போது உலை வைப்பீர்கள் என்று கேட்டு, டாக்டரம்மாவிடம் சொல்லி வேளையை மாற்றி எழுதி வாங்கினேன். வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, திரும்பி வந்து சாப்பிடும்போது ஒன்று. ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். வரிசை நீண்டது, முணுமுணுப்பும் கேட்டது.

நாங்கள் கொடுத்தது 15 நாள் மாத்திரை. பிரஷருக்கும் சுகருக்கும் 15 நாள் போதுமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவற்றை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறார்கள். கடைசி நாள் அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வந்தார். என் நோட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவர் எழுதிக்கொண்டார். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். நான் வயதைச் சொன்னேன். அவர், "வயசு வேண்டாம்ங்க, யாருக்குமே சரியாத் தெரியாது. என்ன சொன்னாங்க, எப்படி இருந்தாங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

"சூரியன் எங்கேன்னு கேட்டவங்க" என்றேன்.

"ஓ, பலாமரத்து வீடு" என்று எழுதிக்கொண்டார்.