நியூட்ரல் அறுந்த சாயங்காலமும் நீச்சல் குளத்து மோட்டாரும்

ஆடி இரண்டாவது வாரம். ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காலையிலிருந்தே பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வாசல் பல்பு திடீரென்று கண்ணைக் கூசும்படி எரிந்தது. மின்விசிறி இரைந்துகொண்டு சுழன்றது. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் எண் 310-ஐத் தாண்டி ஏறி, அப்படியே அணைந்தது. நான் ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் இரண்டு மூன்று நிமிடம் போய்விட்டது.

பக்கத்துத் தோப்பில் மட்டையொன்று லைன் மேல் விழுந்து கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. கரண்ட் கொண்டுவருகிற மூன்று பேஸ் கம்பியும் அப்படியே நிற்க நியூட்ரல் மட்டும் போனால், ஒரு வீட்டு வழியாகப் போகிற கரண்ட் இன்னொரு வீட்டு வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். எந்தப் பேஸில் லோடு குறைவோ அந்த வீட்டுத் தலையில் அதிக வோல்ட் ஏறும். அன்றைக்கு அது எங்கள் வீடு. லைன்மேன் இரவோடு இரவாக வந்து கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் மூன்று பல்பு, ரூட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் போயிருந்தன. அந்த நேரத்தில் நீச்சல் குளத்துப் பம்பும் ஓடிக்கொண்டிருந்தது.

தோப்பு வீட்டில் தங்க வருகிறவர்களுக்காகக் கட்டிய சின்னக் குளம் அது. 47,000 லிட்டர் பிடிக்கும். ஒரு ஹெச்பி சிங்கிள் பேஸ் பம்பு தண்ணீரை மணல் ஃபில்டர் வழியாகச் சுற்றிவிடும். சனிக்கிழமைக்குக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அன்றைக்குப் புதன்.

மறுநாள் காலையில் ஸ்விட்சைப் போட்டால் டைமர் திரையில் உயிரே இல்லை. பம்பு போய்விட்டது, 20,000 ரூபாய்க்கு மேல் செலவு என்று நான் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் தம்பி பேனல் மூடியைக் கழற்றிக்கொண்டே, "மோட்டார் போச்சுன்னு யாருங்ண்ணா சொன்னது? கரண்ட் வர்ற வழியிலேயே ஒவ்வொண்ணாப் பாத்துட்டுப் போலாமுங்க" என்றார். டைமருக்குள் காசு அளவில் ஒரு நீல வில்லை வெடித்துக் கருகியிருந்தது. வோல்ட் ஏறும்போது தன் மேல் வாங்கிக்கொள்வதற்கென்றே வைத்த பாகம் அது. டைமர் சொல்கிறபடி பம்புக்கு லைனைச் சேர்த்துவிடும் கான்டாக்டர் ஸ்விட்சின் காயிலும் கருகியிருந்தது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு, மோட்டாருக்கு நேராக, கரண்ட் அளவு மீறினால் விழுகிற எம்சிபி ஸ்விட்ச் வழியாக லைன் கொடுத்துப் பார்த்தார். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். தண்டு அசையவில்லை. இரண்டு விநாடியில் நிறுத்திவிட்டார்.

முனகுகிறது என்றால் மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டும் ரன்னிங் காயிலுக்குக் கரண்ட் போகிறது, ஆனால் சுற்ற வைக்கும் உந்துதல் இல்லை. ஒன்று தண்டு இறுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டிங் காயில் வழியாக அந்த உந்துதலைக் கொடுக்கும் கண்டென்சர் போயிருக்க வேண்டும். மெயினை இறக்கி, பின்பக்கத்து விசிறி மூடியைக் கழற்றிக் கையால் சுற்றினால் தண்டு லேசாகச் சுற்றியது. அப்போது கண்டென்சர்தான். அதன் தலை சப்பாத்தி மாதிரி உப்பியிருந்தது. கரண்டை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், தொடுவதற்கு முன் ஒரு குண்டு பல்பை அதன் இரண்டு முனைக்கும் கொடுத்து இறக்கினார். மேலே எழுதியிருந்தது 36 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 7.

புதுக் கண்டென்சர் மாட்டுவதற்கு முன் காயிலையும் மல்டிமீட்டரில் பார்த்தோம். ரன்னிங் காயில் 3.8 ஓம், ஸ்டார்ட்டிங் காயில் 9.1, இரண்டையும் சேர்த்து அளந்தால் 12.9. கூட்டல் சரியாக வந்தது. பாடிக்கும் காயிலுக்கும் தொடர்பு காட்டவில்லை. பொள்ளாச்சியில் சில நூறு ரூபாய்க்குக் கண்டென்சர் வாங்கி மாட்டியதும் பம்பு பழைய சத்தத்தோடு ஓடியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை இருபது நிமிடம் ஓடியபின் கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடி விழுந்தது. அது 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் வகை. விஷயம் தெரிந்த ஒருவர், "தூறல் ஈரத்துக்குச் சும்மா விழும். அதை பைபாஸ் பண்ணிட்டு ரெண்டு நாள் ஓட்டுங்க, கெஸ்ட் போனதும் பாத்துக்கலாம்" என்றார். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. தண்ணீரில் நிற்கிற குழந்தைக்கும் கசிகிற மோட்டாருக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு ஸ்விட்ச்தான். சனிக்கிழமை வரவேண்டியவர்களை அப்போதே கூப்பிட்டு, வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். முன்பணத்தையும் அனுப்பிவைத்தேன்.

மோட்டாரைக் கழற்றிப் பொள்ளாச்சியில் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனோம். கடை அண்ணன், காயிலிலிருந்து பாடிக்குக் கரண்ட் ஒழுகுகிறதா என்று அதிக வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெகர் மீட்டரை வைத்தார். 500 வோல்ட்டில் 0.2 மெகாஓம். குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும்; நல்ல மோட்டாரில் பல மடங்கு இருக்கும். மல்டிமீட்டரில் நன்றாகத்தானே காட்டியது என்று கேட்டேன். "அது ஒம்பது வோல்ட் பேட்டரிங்க. அந்த வோல்ட்டுக்கு ஒழுகாது. நிஜ வோல்ட் கொடுத்தாத்தான் எங்க ஒழுகுதுன்னு சொல்லும்" என்றார். இந்தப் பதினைந்து நாளில் நான் கற்றுக்கொண்டதில் இதுதான் பெரிது. வெறும் ஈரமாக இருந்தால் காயவைத்ததும் எண் ஏறும் என்று, இரவு முழுக்க 100 வாட் பல்பை உள்ளே எரியவிட்டார். காலையில் 0.3. ஈரமில்லை, இன்சுலேஷனே வெந்துவிட்டது.

பிரித்துக் காட்டினார். செம்புக் கம்பி மேல் தேன் நிறத்தில் இருக்கவேண்டிய வார்னிஷ், ஸ்டார்ட்டிங் காயில் பக்கம் கரிந்த வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. ஸ்லாட்டில் செருகிய காகிதம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அந்த மூன்று நிமிடத்தில் வோல்ட் ஏறியதும் காயில் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சூடாகியிருக்கிறது. செத்தது கண்டென்சர், சாகாமல் வெந்து கிடந்தது காயில். சூடேறி இருபது நிமிடம் ஆனதும் கசிய ஆரம்பித்ததும் அதனால்தான். புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிச் சுட்டு, கூடவே இரண்டு பேரிங்கும் மெக்கானிக்கல் சீலும் மாற்ற மொத்தம் 4,100 ரூபாய். பிரித்த பிறகு பழைய சீலையே போட்டால் அதில் கசிகிற தண்ணீர் நேராகப் பேரிங்குக்குப் போகும். அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

பம்பு இல்லாத அந்த நாட்களில் குளத்தைக் காப்பாற்றுவது தனிப் பாடு. வெயிலில் குளோரின் பறந்துவிடும் என்பதால் இருட்டிய பிறகு ஊற்றி, இலை வாரும் வலைக்கம்பால் கலக்கிவிட்டோம். அப்படியும் நான்காம் நாள் மூலைகளில் பச்சை தட்டியது.

மோட்டாரைத் திரும்ப மாட்டி, பம்புக்கு முன்னால் குப்பை பிடிக்கிற ஸ்ட்ரெய்னரில் தண்ணீர் நிரப்பிப் போட்டால் கண்ணாடி மூடிக்குள் குமிழ் நிற்கவே இல்லை. மூடியின் ஓ-ரிங்கில் ஒரே ஒரு மணல். துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவியதும் தண்ணீர் பளிங்காக நின்றது. இரண்டு நாள் இரவும் பகலும் ஓட்டி, ஃபில்டரில் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு மூன்று தடவை பேக்வாஷ் செய்தபின் அடித்தரை தெரிந்தது.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க சர்ஜ் அரெஸ்டர் வாங்கப் போனேன். எலக்ட்ரீஷியன் தம்பி தடுத்தார். அது இடி மின்னலில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துபோகிற அடிக்குத்தான்; நியூட்ரல் போய் நிமிடக்கணக்கில் நிற்கிற வோல்ட்டை அது தாங்காது. அதனால் 270 வோல்ட்டைத் தாண்டினால் லைனை வெட்டிவிடும் ரிலே ஒன்றை மெயினிலேயே வைத்தோம். எர்த் குழியைத் தோண்டிப் புதுப்பித்து, பம்பு பாடியையும் குளத்து இரும்பு ஏணியையும் அதோடு இணைத்தோம்.

ஆவணியில் அதே குடும்பம் வந்தது. பிள்ளைகள் துண்டோடு படியில் நிற்கும்போதே பம்பு அறைக்குப் போய் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டு வெளியே வந்து, "இறங்குங்க சாமி" என்றேன்.